மூத்தவள் எந்த வகுப்பு

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் “கம்ப்யூட்டர்” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வேன். அதற்கு மேல் சொன்னால் அவர்கள் வீட்டுப் பிரிண்டரைச் சரிபார்க்க வரச் சொல்வார்கள். சென்னையில் இருக்கும் ஒரு சிறிய கம்பெனிக்காக, திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டிய வாடகை மாடி வீட்டில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறேன். எழுதுவதைவிட, மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அதிகம். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை என்று அக்கா சொல்வாள். பாராட்டாகச் சொல்வதில்லை.

போன வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்துக்கு எங்கள் கம்பெனி ஒரு நிரல் செய்து கொடுத்தது. ஒவ்வொரு வண்டி நுழையும்போதும் அதில் ஒரு மெத்தட் ஓடும். மெத்தட் என்றால் வேறொன்றுமில்லை, கூப்பிடும்போதெல்லாம் வந்து ஒரே வேலையைச் செய்துவிட்டுப் போகும் சில வரிகள். இந்த மெத்தட் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி வாசல் பலகையில் காட்ட வேண்டும். பலகையோ காலையிலிருந்து “1” என்றே காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்க, பலகை மட்டும் இதுவரை ஒரே ஒரு வண்டிதான் வந்திருக்கிறது என்று சாதித்தது. மண்டபத்துக்காரர் போனில் எங்களைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

பார்த்த மாத்திரத்தில் தப்பு தெரிந்துவிட்டது. எழுதியவர் மெத்தடின் முதல் வரியிலேயே எண்ணிக்கைக்குச் சுழியம் வைத்திருந்தார். சுழியம் வைக்க வேண்டியதுதான், ஆனால் முதல் வண்டிக்கு மட்டும். அந்த வரி ஒவ்வொரு வண்டிக்கும் ஓடியது. வண்டி வரும், எண்ணிக்கை சுழியமாகும், ஒன்று கூடும், அடுத்த வண்டி வந்ததும் பழையது துடைபட்டுப் போகும். திருத்துவது சுலபம். எண்ணிக்கையை மெத்தடுக்கு வெளியே அழியாத இடத்தில் வைத்துவிட்டு, “ஏற்கெனவே வைத்தாயிற்றா? இல்லையென்றால் மட்டும் வை” என்று ஒரு நிபந்தனை எழுதினால் போதும். ஒருமுறை வைத்ததை மறுபடி வைக்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வரும் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறை தடுக்கி விழுவார்கள்.

இதைத் திருத்திக் கொடுத்த அதே வாரத்தில்தான், ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் நர்ஸ் “முதல் பிரசவமா?” என்று கேட்க, என் மனைவி “ஆமாங்க” என்று சொல்வதைக் கேட்டேன்.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். நாலு வயதில், ஒரு மழைக்காலத்தில், காய்ச்சல் வந்து போய்விட்டாள். எல்லோரும் அவரவர் செய்ய வேண்டியதைச் செய்தார்கள், அவள் நிற்கவில்லை. திட்டுவதற்குக்கூட எனக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. என்னைப் போன்ற கோபக்காரனுக்கு அது இன்னொரு தண்டனை. தலைவார விடமாட்டாள் என் மகள். எதற்கெடுத்தாலும் “நானே, நானே” என்பாள். செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு, சரியாகத்தான் போட்டிருக்கிறேன் என்று அடம்பிடிப்பாள். கிரிவலத்துக்குப் போனால் என் தோளில் உட்கார்ந்து ஊரையே அதிகாரம் செய்துகொண்டு வருவாள். பாதி வழியில் அடி அண்ணாமலை வருவதற்குள் என் தலைமேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவாள். எச்சில் என் நெற்றியில் வழியும். அவள் போய் இரண்டு வருஷம் கழித்து மனைவி மறுபடியும் உண்டானாள்.

டாக்டருக்கு எல்லாம் தெரியும், முதல் பிரசவமும் அவரிடம்தான். ஆனால் டாக்டர் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை பேர். எடை பார்ப்பவர், ரத்தம் எடுப்பவர், பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பெண்கள், ஆட்டோக்காரர், தியானம் செய்ய ஊருக்கு வந்து எங்கள் கீழ் வீட்டில் மாதத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டேயிருக்கும் வாடகைக்காரர்கள். எல்லோரும் புதுசு, எல்லோருக்கும் ஒரே கேள்வி. அவளும் சலிக்காமல், சிரித்த முகத்தோடு, ஒவ்வொருவரிடமும் “முதல்” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கல்யாண மண்டபத்துப் பலகை என் மனைவியின் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது போலிருந்தது. நாலு வருஷம் ஒருத்தி இந்த வீட்டில் ஓடினாள், சாப்பிட்டாள், சண்டை போட்டாள். யாரோ ஒருவர் கேள்வி கேட்டதும் அத்தனையும் துடைபட்டுப் போய் மறுபடி சுழியம். வீட்டிலும் அவள் பேச்சே கிடையாது. நானாக எடுத்தால் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இரண்டு வருஷமாக மகளின் பெயர் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்கா போன் செய்து வளைகாப்புப் பேச்சை எடுத்தாள். என் மனைவிக்கு அம்மா இல்லை. அதனால் மகள் வயிற்றில் இருந்தபோது வளைகாப்பை எடுத்துச் செய்ததே அக்காதான். எங்கள் வழக்கத்தில் தலைச்சன் பிள்ளைக்குத்தான் வளைகாப்பு. ஒரு பெண்ணுக்கு அது ஒரே ஒரு தடவை. இரண்டாவது பிள்ளைக்கு யாரும் போடுவதில்லை. இது என்னைவிட அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

“இதையே தலைச்சனா வெச்சுக்கலாம்டா. முதல்லேர்ந்து ஆரம்பிங்க. அந்தப் பொண்ணுக்கும் மனசு தேறும்.”

முதலிலிருந்து என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. வைத்ததை மறுபடி வைக்கக் கூடாது, அப்படி வைத்தால் முன்னாலிருந்தது அழிந்துபோகும் என்று அக்காவிடம் அவளுக்குப் புரியாத பாஷையில் கத்தினேன். அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அவளும் அந்தக் குழந்தையை மடியில் போட்டுக் குளிப்பாட்டியவள்தான். ஆனால் அக்கா மனைவியிடமே கேட்டபோது அவள் மறுக்கவில்லை, “செய்யுங்க அண்ணி” என்று சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேவிட்டேன்.

“உனக்கு அவ இல்லாமலே போயிட்டாளா?”

அவள் என் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே, “சாப்பிடுங்க” என்றாள். அதற்குப் பிறகு பல நாள் எங்களுக்குள் பால் வாங்கியாச்சா, தண்ணி வந்துச்சா என்கிற பேச்சுதான். நான் அவளை மனதுக்குள் விசாரித்துத் தீர்ப்பும் எழுதி வைத்திருந்தேன். அவள் மகளை அழித்துவிட்டாள், நான் ஒருவன்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது தீர்ப்பு.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போன நாள் பௌர்ணமிக்கு முந்தின நாள். மறுநாள் கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும் என்பதால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லோரும் அன்றே வந்துவிட்டார்கள், கூட்டம் ஜாஸ்தி. மனைவியை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வேட்டவலம் பக்கத்தில் ஒரு கிராமம், சொந்தமாகக் கொஞ்சம் நிலம். மருமகளைக் கூட்டி வந்திருந்தார். மருமகளுக்கு இதுதான் முதல், அதனால் தனக்குத் தூக்கமே இல்லை என்று நான் கேட்காமலேயே சொன்னார். பிறகு என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“உங்களுக்கு இது முதலா தம்பி?”

“ரெண்டாவதுங்கம்மா” என்றேன்.

சொன்னதும் நெஞ்சு நிமிர்ந்தது. பார், இப்படித்தான் சொல்ல வேண்டும், இதற்கு என்ன இவ்வளவு கஷ்டம் என்று ஸ்கேன் அறைக் கதவைப் பார்த்து மனதுக்குள் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

“பெரியது இன்னா படிக்குது?”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஊரார் நிரலில் எந்த வரிக்குப் பிறகு எந்த வரி ஓடும் என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, “இரண்டாவது” என்று சொன்னால் அடுத்து என்ன வரும் என்று தெரியவில்லை. அந்த அம்மா சிரித்த முகத்தோடு காத்திருந்தார். வாயைத் திறந்தேன். செத்துப்போய்விட்டாள் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று தெரிந்தது. பிறகு எப்படி என்று கேட்பார், எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்பார், நான் அந்த மழைக்காலத்தை முதலிலிருந்து ஓட்டிக் காட்ட வேண்டும்.

“ஒண்ணாவது” என்றேன்.

யோசிக்காமல் வந்தது. உயிரோடிருந்தால் ஒன்றாவதுதான் படித்துக்கொண்டிருப்பாள், கணக்கில் தப்பில்லை. எந்தப் பள்ளிக்கூடம், யார் கொண்டுபோய் விடுவது என்று அவர் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். ஆட்டோவில் போகிறாள், முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று தகராறு செய்கிறாள் என்றேன். வாய் நிற்கவில்லை.

அப்போது மனைவி வெளியே வந்தாள். நான் எழுவதற்குள் அந்த அம்மா நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்து, மூத்த பெண் ஒன்றாவது படிக்கிறாளாமே, சொல்பேச்சு கேட்பாளா என்று விசாரித்தார். மனைவி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபம் இல்லை. கண்ணை எடுக்கவே இல்லை. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. மெதுவாக உட்கார்ந்தாள், வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

“எங்க கேக்கறாம்மா. தலவார விடமாட்டேங்கறா” என்றாள்.

விடமாட்டேங்கறா. இன்றைக்குக் காலையில் நடந்த மாதிரி சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெயர் என்ன என்று அந்த அம்மா கேட்டார். மனைவி பெயரைச் சொன்னாள். இரண்டு வருஷம் கழித்து, முகம் தெரியாத ஒருவரிடம், முழுப் பெயரையும் சொல்லி, வீட்டில் கூப்பிடும் பெயரையும் சொன்னாள். போன வாரம் முன்பல் விழுந்துவிட்டது, அதிலிருந்து முறுக்கு சாப்பிட முடியவில்லை என்று அழுகை என்றாள். தம்பிதான் வேண்டும், பாப்பா வேண்டாம் என்று சொல்கிறாள் என்றாள். நானும் சேர்ந்துகொண்டேன். பல்லைக் கூரைமேல் எறிய விடாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தாள் என்றேன். மனைவி சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். நாலு வயதில் போனவளுக்குப் பல் விழுந்திருக்கவே இல்லை.

வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பினோம். வழியெல்லாம் மறுநாள் கூட்டத்துக்குத் தடுப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள், வண்டி ஊர்ந்துதான் போனது. ஓரிடத்தில் நின்றபோது, வெளியே பார்த்தபடி சொன்னாள்.

“நான் ஏன் முதல்னு சொல்றேன்னு இப்பத் தெரிஞ்சுதா? ரெண்டாவதுன்னு சொன்னா மூத்தது எங்கன்னு கேப்பாங்க. கேக்கறவங்க கிட்டல்லாம் என் வாயாலயே அவள சாகடிக்கணும். ஒரு தடவ செத்தது போதாதாங்க?”

என்னிடம் இருந்த பெரிய அறிவெல்லாம் அங்கேயே உதிர்ந்துபோனது. ஒருமுறை மட்டுமே ஓட வேண்டிய வரி எது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அவள் அழித்தது மகளை இல்லை. மகளின் சாவு ஒவ்வொருவருக்காகவும் முதலிலிருந்து நடக்காமல் குறுக்கே நின்று தடுத்திருக்கிறாள், அதற்காகத் தான் பெற்றதையே இல்லை என்று சொல்லும் வலியையும் வாங்கிக்கொண்டிருக்கிறாள். நானோ பக்கத்தில் நின்று அவளுக்குத் தீர்ப்பு எழுதினேன். ஆட்டோவிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்த ஒரு மாதம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம்.

வளைகாப்புத் தேதி குறிக்க அக்கா போன் செய்தபோது மனைவி, “வேணாம் அண்ணி. ரெண்டாவதுக்கு யாரு போடறாங்க?” என்றாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் குரல் தெளிவாக இருக்கிறதே என்று விட்டுவிட்டாள். பூக்காரம்மா கேட்டபோது ரெண்டாவது, மூத்தவள் ஒன்றாவது படிக்கிறாள் என்றாள். கீழ் வீட்டுக்குப் புதிதாக வந்தவரிடமும் அதையே சொன்னாள். செருப்புக் கடையைத் தாண்டும்போது, இந்நேரம் அவளுக்கு இந்த அளவு சரியாக இருக்கும் என்று ஒரு சிவப்புச் செருப்பைக் காட்டினாள். காலையில் சட்னி அரைத்தால் காரம் கம்மியாக ஒரு கிண்ணம் எடுத்து வைக்கட்டுமா என்று வேடிக்கையாகக் கேட்பாள், நானும் வேடிக்கையாகத் தலையாட்டுவேன். வண்டி வராமலேயே ஏறிக்கொண்டு போகும் எண்ணிக்கையும் தப்புதான் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஊரில் எல்லோருடைய தப்பையும் பிடிக்கிறவன் அந்த ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. மகள் பெயரை என் மனைவி சொல்லக் கேட்பதற்காக எந்தத் தப்பையும் விட்டுவிடலாம் போலிருந்தது.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த வேட்டவலத்து அம்மா எங்களுக்கு முன்பே வந்து பெஞ்சில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார். கையில் ஒரு தூக்குச் சட்டி. மூடியைத் திறந்து காட்டினார். அவித்த மல்லாட்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சொந்த நிலத்தில் அன்று காலை பிடுங்கியது, இன்னும் சூடு ஆறவில்லை, ஆவி வந்தது.

“பெரியவளுக்குத்தான் எடுத்தாந்தேன். பல்லு விழுந்த புள்ளன்னியே, வறுத்தா மெல்லாது. நல்லா கொழைய வேக வெச்சிருக்கேன், குடு.”

சட்டியை நீட்டியபடி நின்றார். மனைவி கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. வாங்கிக்கொண்டு போய் யாருக்குக் கொடுப்பாள்? அவள் உதடு ஏதோ சொல்ல வந்து துடித்தது. இதையும் அவளே சொல்லும்படி விடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பெஞ்சில் முதலில் வாயைத் திறந்தவன் நான்தான்.

“அம்மா, எங்க பெரியவ இல்லம்மா. செத்துட்டா” என்றேன்.

அந்த அம்மாவின் கையில் சட்டி ஆடியது. மருமகள் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். அவர் மார்பில் கையை வைத்துக்கொண்டு, “எப்ப தம்பி? போன மாசம் நல்லா இருந்துச்சே” என்றார்.

இரண்டு வருஷம் ஆகிறதம்மா என்று மனைவிதான் சொன்னாள். அது அவர் காதில் விழுந்ததோ இல்லையோ தெரியாது. ஏன் பொய் சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைவியை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவர் பார்த்தேயிராத குழந்தையின் பெயரைச் சொல்லி, சாவு வீட்டுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தவர் போல அழுதார். தலவார விடமாட்டாளே, பல்லு விழுந்திருச்சுன்னு அழுதாளே என்று நாங்கள் சொன்னதையே எங்களுக்குச் சொல்லி அழுதார். வராந்தாவில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி சத்தம் போட்டு அழுதாள். நாலு வயதில் போன என் மகள், அன்று காலை, முன்பல் விழுந்த வாயோடு, ஆறு வயதில் இன்னொரு தடவை போனாள். இந்தத் தடவை அதைச் சொன்னவன் நான்.